கைத்தொழிலாளரும் அரசாங்க உதவியும்

(செவ்வாய்ப்பேட்டையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணமும் அன்று, இலக்கியமும் அன்று. நோய்க்காலத்தில் தொழில் முடங்கியபோது, மாதச் சம்பளமின்றித் தம் கையையே நம்பி வாழ்வோர் அரசாங்கத்தின் உதவியைக் கொள்ளலாமா, கொள்ளின் எதனைக் கொள்ளலாம் என்பதே அப்பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவுவார் உளராயின், அவர்க்கு விடை ஒன்றே. அந்நாளில் விண்ணப்பம் எழுதித் தருமாறு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தோர் பலர். அவர்கள் சொல்லக் கேட்டவற்றையே ஈண்டுப் பெரிதும் சொல்லப் புகுகின்றேன்.

2020 மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள் மாலை தொடங்கிய ஊரடங்கை நீவிர் மறந்திருக்கமாட்டீர்கள். சந்தைக்கென்றே பிறந்து, சந்தை கூடும் கிழமையையே பெயராகக் கொண்ட இச்செவ்வாய்ப்பேட்டையில், லீ பஜாரின் மூட்டை வண்டிகளின் ஓசையும், பட்டறைகளின் சுத்தியல் ஓசையும் ஒருங்கே அடங்கின. புகைவண்டிகள் நின்றன. வடநாட்டுக்குக் கொலுசு ஏற்றிச் செல்வதும் நின்றது. சித்திரை வைகாசித் திருமணங்கள் தள்ளிப்போயின. ஏப்ரல் 26 ஆம் நாள் வந்த அட்சய திருதியை, நகைக்கடைகளின் கதவு திறவாமலே கழிந்தது.

வெள்ளித் தொழிலின் வகையை நன்கறிந்த உங்கட்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பிறதொழில் செய்யும் அன்பர்கள் பொருட்டுச் சிறிது கூறுவேன். வணிகர் கட்டி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பர். பட்டறைக்காரர் அதனை உருக்கிக் கம்பி இழுத்து, வளைத்துப் பற்றவைத்து, மெருகேற்றிக் கொலுசாக்கி, சேதாரம் போக நிறையளந்து திருப்பித் தருவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெள்ளி அவருடையது அன்று. வீட்டுப் பின்கட்டிலுள்ள பட்டறை அவருடையது. அவர் ஊழியரும் அல்லர், முதலாளியும் அல்லர். திருமணத்துக்குப் படம் பிடிப்பவரும், நாதசுரம் வாசிப்பவரும், வீடு வீடாகச் சென்று கணினி பழுது பார்ப்பவரும், கடை கடையாகக் கணக்கெழுதுபவரும் இவ்வினத்தினரே. வேலை வரும் நாளில் உண்டு. வராத நாளில் இல்லை.

அவ்வாண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மார்ச்சில் கிலோ 40,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிய வெள்ளி, ஆகஸ்டில் 70,000 ரூபாயைக் கடந்தது. வெள்ளி விலை ஏறியதே, வெள்ளிக்காரருக்கு என்ன குறை என்று வெளியூர் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். எடைக்குக் கூலி பெறுபவருக்கு விலையேற்றத்தால் வருவது யாது? வாங்குவோர் எடையைக் குறைப்பர். எடை குறையக் கூலியும் குறையும். அவ்வளவே.

இனி, உதவி வந்த வகையைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையின்றி வழங்கினர். அடுத்த ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் இரு தவணையாக 4,000 ரூபாய் வழங்கினர். இந்திய அரசாங்கத்தார் ஜன்தன் கணக்குடைய மகளிர்க்கு மும்மாதம் 500 ரூபாய் வீதம் செலுத்தினர். நலவாரியங்களில் பதிந்திருந்த தொழிலாளர்க்குத் தனியே 1,000 ரூபாய் வந்தது. இத்தொகைகள் சிறியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுப்பு எரியாத வீட்டில் ஆயிரம் ரூபாய் சிறிய தொகை அன்று.

அதனைப் பெறாதவர் நம்முள் எத்தனை பேர்! அவர் பெறாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று மானம், மற்றொன்று எழுத்தின்மை.

மானத்தை முதலில் எடுத்துக்கொள்வேன். நம் குடும்பங்களில் சில, நல்ல நாளில், ‘ரேஷன் அரிசி நமக்கு எற்றுக்கு?’ என்று சர்க்கரை அட்டை வாங்கி வைத்திருந்தன. பொருளே வேண்டா அட்டையை வைத்திருந்தாரும் உண்டு. அரிசி அட்டைக்கே பணம் என்றபோது இவர்கள் கைபிசைந்து நின்றனர். அரிசி அட்டை வைத்திருந்தும் வரிசையில் நிற்க நாணி, டோக்கனைப் பெட்டியில் பூட்டி வைத்த பெரியவர் ஒருவரையும் யான் அறிவேன். அவர் என்னிடம் கூறியது இது: ‘ஐயா, நாங்கள் கொடுத்துப் பழகிய குடும்பம், வாங்கிப் பழகவில்லை.’

அவர் சொல்லை யான் எள்ளவில்லை. திருவள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரத்தலுக்கு அஞ்சுவது தமிழர் குணம். ஆயின் இங்கே ஆராய வேண்டுவது, இஃது இரத்தல்தானா என்பது. ‘இறை’ என்னும் சொல்லுக்கு அரசன் என்பதும் பொருள். அரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரி என்பதும் பொருள். ஒரு சொல்லே இரண்டையும் குறித்தல் கருதத்தக்கது. 2017 ஜூலை முதல் வெள்ளி நகைக்கு நூற்றுக்கு 3 வீதம் சரக்கு சேவை வரி உண்டு. கூலி வேலைக்கும் தனி வீதம் உண்டு. பட்டறைக்காரர் மகள் கடையில் வாங்கும் சோப்புக்கட்டியிலும் இறை அடங்கியிருக்கிறது. செலுத்தும்போது குடி, பெறும்போது மட்டும் இரவலனா? ஊரை அடைக்கச் சொன்னவர் அரசாங்கத்தார், அடைத்தவர் நாம். கடையை நாமே சோம்பி அடைத்தோமில்லை. ஆதலின் அது பிச்சை ஆகாது. பெரியவரிடம் யான் இவ்வாறு கூறியபோது அவர் சிரித்தார். டோக்கனை மட்டும் எடுக்கவில்லை!

நம் சேலம் நாட்டுக்கு இது புதிதும் அன்று. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இம்மாவட்டம் பட்ட பாடு பெரிது. 1871 ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 19½ லட்சமாக இருந்த மக்கள் தொகை, 1881 இல் 16 லட்சமாகச் சுருங்கியது. அந்நாளில் அரசாங்கத்தார் கூலிக்குக் கல்லுடைக்கவும் மண் சுமக்கவும் விட்டனர். நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசுமே கூலி என்று ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி 1877 இல் வரையறுத்ததும் அப்போதே. தறியில் இழை பிடித்த விரல் கல்லுடைத்தால் பின்பு தறிக்கு உதவுமா? ஆகவே நெசவாளர்க்கு நூலைக் கொடுத்து, நெய்த துணியைத் தாமே வாங்கிக்கொள்ளும் முறையும் அப்பஞ்சத்தில் கையாளப்பட்டது. கைத்தொழிலாளன் கையைக் காப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பதை அன்றே ஒருசிலர் உணர்ந்தனர். நம் முன்னோர் அதனைப் பெற்றதால் இழிந்துபோய்விடவில்லை.

அடுத்தது கடன். இதில் எச்சரிக்கை மிக வேண்டும். ‘உதவி’ என்னும் ஒரே பெயரால் கொடையும் கடனும் தவணைத் தள்ளுதலும் அந்நாளில் வழங்கின. ரிசர்வ் வங்கியார் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை ஆறு திங்கள் தவணை கட்டாதிருக்க இசைவு தந்தனர். வட்டியும் இல்லையென்று நம்மவர் பலர் கருதினர். ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஆறு திங்களில் வட்டி 6,000 ரூபாய். வட்டிக்கு வட்டி சேர 6,152. பின்னர் அரசாங்கத்தார் திருப்பித் தந்தது அந்த 152 ரூபாயையே. 6,000 நம் தலையில் நின்றது. அடுப்புக்கு வழியில்லாதவர் தவணையைத் தள்ளியது தக்கதே. பெட்டியில் பணம் இருந்தும், பிறர் தள்ளினார் என்று தாமும் தள்ளினவர் வீணே இழந்தனர்.

மே மாதத்தில் சிறுதொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு ஈடின்றிக் கடன் என்று பேரறிவிப்பு வந்தது. திண்ணையில் கூட்டம் நிறைந்தது. விதியைப் படித்தால், 2020 பிப்ரவரி 29 ஆம் நாள் வங்கியில் நிற்கும் கடன் எவ்வளவோ அதில் நூற்றுக்கு 20 புதுக்கடன் என்றிருந்தது. வங்கியில் கடனே இல்லாதவருக்கு? சுழியத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுழியமே. கடன்படாது வாழ்ந்த நேர்மையாளர் வெறுங்கையோடு திரும்பினர். தெருவோர வணிகர்க்கு ஜூன் முதல் வந்த 10,000 ரூபாய்க் கடன் பயன் தந்தது. ஆனால் அதற்கும் நகராட்சியின் சான்றோ பரிந்துரையோ வேண்டியிருந்தது.

பிறநாடுகளிலும் இத்தொல்லை இருந்தது. இங்கிலாந்தில், தாமே தொழில் செய்வார்க்கு முன்னாண்டு ஆதாயத்தின் சராசரியில் நூற்றுக்கு 80 பங்கு, திங்களுக்கு 2,500 பவுனுக்கு மேற்படாமல் தருவதாக 2020 மார்ச்சு 26 இல் அறிவித்தனர். அதற்கு அளவுகோல் அவரவர் முன்பே தந்திருந்த வரிக்கணக்கு. 2019 ஏப்ரலுக்குப் பின் தொழில் தொடங்கினார்க்கு முதலில் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் ஐவருக்கு மேற்படாத பணியாளரை உடைய சிறுதொழிலர்க்கு 9,000 யூரோ வரை கொடுத்தனர். ஆனால் அது கடை வாடகை முதலிய தொழிற்செலவுக்கே உரியது, வீட்டுச் செலவுக்கு அன்று. தொண்டையே தொழிற்கருவியாகிய பாடகருக்குக் கடை வாடகை ஏது? வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பின்னர்த் திருப்பிக் கட்டினவர் அங்கே பலர்.

இதனால் இரண்டாவது காரணத்துக்கு வருகின்றேன். எங்கும் உதவி சென்றடைந்தது ஏட்டில் பெயர் உள்ளவனிடத்தேயாம். நம் பட்டறைக்காரர் பெயர் எந்த ஏட்டில் இருந்தது? பொன் வெள்ளி வேலை செய்வார்க்கென்று பொற்கொல்லர் நலவாரியம் உண்டு. கைத்தறியாளர்க்கு ஒன்று, விசைத்தறியாளர்க்கு ஒன்று உண்டு. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுந்தவை இவை. பதிந்தவர் மிகச் சிலர். பதிந்தும் புதுப்பிக்க மறந்தவர் சிலர். இந்திய அரசாங்கத்தார் ‘இ-சிரம்’ என்னும் பதிவேட்டைத் தொடங்கியதோ 2021 ஆகஸ்டு 26 ஆம் நாள். வெள்ளம் வடிந்தபின் கரை கட்டிய கதை அது. எனினும் அடுத்த வெள்ளத்துக்கு அக்கரை உதவும்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுடைய தந்தையார் செய்தியை, ஊரும் பெயரும் கூறாது சொல்வேன். கணவனும் மனைவியுமாக நடத்திய பட்டறை. சர்க்கரை அட்டை, ஆகவே 1,000 இல்லை. வாரியப் பதிவில்லை, ஆகவே அதுவும் இல்லை. வங்கிக் கடன் இல்லை. ஆகவே புதுக்கடனும் இல்லை. வேலை தரும் வணிகரிடம் 30,000 ரூபாய் முன்பணம் பெற்றார். ஊரடங்கு நீங்கியபின் வேலை வந்தது. கூலி மட்டும் கிலோவுக்குக் குறைந்து வந்தது. கடன் நிற்கையில் கூலி பேச வாய் எழுமா? வேறு வணிகரிடம் செல்லவும் கால் எழவில்லை. பள்ளிபாளையத்தும் குமாரபாளையத்தும் தறிக்கூடங்களில் முன்பணம் மனிதரைக் கட்டும் வகையை நாம் அறிவோம். அது நம் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. பள்ளிகள் திறந்தபோது அம்மாணவன் பதினோராம் வகுப்புக்கு வரவில்லை. மெருகுப் பட்டறையில் நின்றான். செய்யுளில் தளை பிரிக்க வல்ல பிள்ளை! அவ்வாண்டு முழுதும் எனக்கோ மாதந்தோறும் சம்பளம் தவறாது வந்தது. அவன் இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம் இவ்வேறுபாடு என்னை உறுத்தாத நாளில்லை.

ஈண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் வணிகப் பெருமக்கள் என் சொல்லைப் பொறுத்தருள்க. வாரியத்தில் பதியப் பணிச்சான்று வேண்டும். ‘இவர் இத்தனை ஆண்டாக வெள்ளி வேலை செய்கின்றார்’ என்று எழுதித் தருமாறு கேட்டவர்க்கு, ‘பின்னர்ப் பார்க்கலாம்’ என்று விடை தந்த கடைகள் உண்டு. தங்கள் அச்சத்தை யான் அறியேனல்லேன். எழுத்துக் கொடுத்தால் வரிக்காரர் வருவர், தொழிலாளர் அதிகாரி வருவர், நாளை ஊழியர் என்று உரிமை கோருவர் என்பது அது. ‘இவர் வெள்ளித் தொழிலாளர்’ என்று எழுதுவது வேறு. ‘இவர் என் கடையின் ஊழியர்’ என்று எழுதுவது வேறு. இவ்வேறுபாட்டைச் சொல்லிலக்கணம் கற்ற எவரும் காட்டித் தரலாம். யானே எழுதித் தருகின்றேன், தாங்கள் கையெழுத்திட்டாற் போதும். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் சங்கக் கட்டடத்துக்கும் வாரி வழங்கிய கை, ஒரு வரி எழுதத் தயங்கலாமா? நோய் வந்த ஆண்டில் தாங்கள் சங்கத்தின் வாயிலாக அரிசி மூட்டைகள் கொடுத்ததை நன்றியோடு நினைக்கின்றோம். அக்கையெழுத்து இருந்திருப்பின், அரிசிக்கு நின்றவருள் சிலர் நிற்க வேண்டியிருந்திராது.

பட்டறை நடத்தும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். வெள்ளி வாங்கிய நிறை, கொடுத்த நிறை, சேதாரம், கூலி இவற்றைத் துண்டுச் சீட்டில் குறித்து, வாரக் கடைசியில் கிழித்தெறிவது நம் வழக்கம். இனி ஒரு சிட்டையில் நாள்தோறும் எழுதுங்கள். கூலியில் ஒரு பகுதியேனும் வங்கிக் கணக்கின் வழியே பெறுங்கள். உங்கள் பிள்ளைகள் அழகாகக் கணக்கெழுதுவர். என் மாணவர்களை யான் அறிவேன். சர்க்கரை அட்டை வைத்திருப்போர், தம் வீட்டு நிலையை ஒளிவின்றி எண்ணிப் பார்த்து, தகுதி உண்டெனின் அரிசி அட்டையாக மாற்ற விண்ணப்பிக்கலாம். இல்லாதவர் பங்கை உள்ளவர் கொள்ளுதல் தகாது என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றேன். கார் வாங்கியவரும் வரிசையில் நின்றதைக் கண்ணாற் கண்டோம்.

சங்கக் காரியதரிசியவர்கள் இசைந்தபடி, வரும் ஞாயிறு முதல் காலை 9 மணிக்கு இக்கூடத்தில் யானும், கணினி அறிந்த இளைஞர் இருவரும் இருப்போம். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், நிழற்படம் ஆகியவற்றோடு வருக. முன்பே வாரியத்தில் பதிந்தோர் பழைய அட்டையையும் கொணர்க. காலம் கடந்திருப்பின் புதுப்பிக்கலாம். பணிச்சான்றுக்கான படிவம் எழுதி வைத்துள்ளேன். கையெழுத்திட விரும்பும் வணிகப் பெருமக்கள், கூட்டம் கலையுமுன் இம்மேசையருகே வந்தால், முதல் சில படிவங்களை இன்றைக்கே முடித்துவிடலாம்.