திரைப்படமும் இல்லறமும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இல்லறத்தில் ஆண்மகனுக்குரியது இது, பெண்மகளுக்குரியது இது என நெடுங்காலமாக வகுக்கப்பட்ட முறையைத் திரைப்படங்கள் எங்ஙனம் வினவின என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். சினிமாவினால் குலப்பெண்கள் கெடுவர் என்று முன்னோர் அஞ்சினர். அவ்வச்சம் இன்றும் நம்மவருட் சிலரை விட்டு நீங்கவில்லை. ஆதலின் இரண்டு படங்களைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கி 1939-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தியாக பூமி'. கணவனாற் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னர்ப் பெருஞ்செல்வம் எய்தி உமாராணி ஆகின்றாள். அவள் தன்னுடன் வாழவேண்டுமெனக் கணவன் வழக்குத் தொடுக்கின்றான். அவளோ அதற்கு இசையாது, வேண்டுமாயின் அவனுக்குத் தான் ஜீவனாம்சம் அளிப்பதாகக் கூறுகின்றாள். காப்பவன் கணவன், காக்கப்படுபவள் மனைவி என்னும் முறை அவ்வொரு விடையால் தலைகீழாயிற்று.

இரண்டாவது, ஜியோ பேபி இயக்கி 2021-இல் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்னும் மலையாளப் படம். 2023-இல் அது தமிழிலும் எடுக்கப்பெற்றது. அம்மலையாளப் படத்தில் அடியும் உதையும் இல்லை. விடியல் முதல் இரவு வரை அரிதலும், அரைத்தலும், துலக்கலுமே காண்கின்றோம். சோறு விறகடுப்பில் வேகவேண்டும் என்பது மாமனார் விருப்பம். அடுக்களைக் குழாய் ஒழுகுகின்றது. ஆளை அழைத்துவருமாறு மனைவி பன்முறை சொல்லியும் கணவன் மறந்துவிடுகின்றான். முடிவில் அவள் இல்லத்தை விட்டு வெளியேறுகின்றாள். அக்கணவன் யாவன்? பள்ளியில் மாணாக்கியர்க்குக் கற்பிக்கும் ஆசிரியன்! எம் தொழிலினன் ஆதலின் அச்செய்தி எமக்குச் சுருக்கென்று தைத்தது.

"இத்தகைய படங்கள் பெண்களை வெளியேறக் கற்பிக்கின்றனவே" என்பர் சிலர். அன்று, எதனால் வெளியேறுகின்றார்கள் என்பதையே காட்டுகின்றன. சாவித்திரி பிரிந்துபோனவளல்லள், கைவிடப்பட்டவள். மற்றையவளோ குழாயைச் செப்பனிடுமாறு எத்துணை முறை கேட்டாள்!

நிற்க, இவ்விரண்டு படங்கட்கும் இடையே எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. முன்னதிலும் பின்னதிலும் மாறியவள் பெண்ணே. மலையாளப் படத்தின் இறுதியில் அக்கணவன் மறுமணம் புரிந்துகொள்கின்றான். அவன் குடித்து வைத்த கோப்பையைப் புதிய மனைவி கழுவுகின்றாள். அவன் எள்ளளவும் மாறினானல்லன். திரைப்படம் வினாவை எழுப்பும். விடை நம் அடுக்களையில் உள்ளது.

வள்ளுவர் தம் அதிகாரத்திற்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்றே பெயரிட்டார். துணை என்னுஞ் சொல்லில் ஏவலுக்கு இடமில்லை. நம் புதல்வியரைப் பட்டம் பெறச் செய்தோம், மகிழ்ச்சியே. நம் புதல்வர்க்கு ஒரு வேளைச் சோறாக்கக் கற்பித்தோமா? வரும் ஆண்டுவிழா விருந்தில் தாய்மார் முதற்பந்தியில் அமர்க. ஆடவர் பரிமாறி, பாத்திரமும் துலக்குக. இதனை நம் சங்கத்தார் ஏற்பாராயின், இன்று யாம் பேசியது பயனுடையதாகும்.