ஒரு கட்டை இறங்கி வாசிப்போமா?



குருமடத்தில் சேருவதற்கு முன் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் நான் கீபோர்டு வாசித்தவன். அந்த நாள்களில் செய்த ஒரு தவறு இன்றும் எனக்குப் பாடமாக இருக்கிறது.

ஊர்த் திருவிழாத் திருப்பலிக்காக ஒரு திருவிருந்துப் பாடலை ஐந்து கட்டையில் பழகியிருந்தோம். இளைஞர்கள் பாட எடுப்பாக இருந்தது. கீபோர்டு வருவதற்கு முன், மைக் இல்லாத காலத்தில், எங்கள் கோவிலில் பாட்டெடுத்துக் கொடுத்தவர் ஒரு பாட்டி. பயிற்சி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "தம்பி, கொஞ்சம் இறக்கி வாசிப்பா. மேலே போறப்ப எனக்கு மூச்சு எட்டல" என்றார். "இறக்கினா பாட்டு செத்துடும் பாட்டி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

திருவிழா அன்று பல்லவியில் பாட்டியின் உதடு அசைந்தது. சரணம் உச்சிக்கு ஏறியபோது பாடல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மட்டுமா? பின்னால் வரிசை வரிசையாக வாய்கள் மூடியிருந்தன. நாங்கள் ஆறு பேர் பாடினோம்; ஊரே வேடிக்கை பார்த்தது.

மனம் உறுத்தியது. அடுத்த ஞாயிறு அதே பாடலுக்கு, யாரிடமும் சொல்லாமல், கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி நாலு கட்டைக்கு இறக்கிவிட்டேன். கிட்டாரும் ட்ரம்பெட்டும் ஐந்து கட்டையிலேயே தொடங்கின. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்! பாட்டு பாதியில் நின்றது. நல்ல எண்ணம்தான், ஆனால் தனியாக இறங்கினேன்.

அந்த வாரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பட்டன் போதும். கிட்டார் வாசித்த நண்பரோ மூன்றாவது கட்டத்தில் கேப்போவை மாட்டி, டி கார்டுக்குரிய விரல் அமைப்பில் வாசிக்கப் பழகினார். ட்ரம்பெட் தம்பி தன் நோட்டை முழுவதும் கையால் திருப்பி எழுதினார். பி பிளாட் ட்ரம்பெட் எழுதியதைவிட ஒரு சுரம் தாழ்ந்து ஒலிக்கும். நாங்கள் நாலு கட்டையில் இருக்க, அவர் ஐந்து கட்டைக்கு எழுதியதை வாசிக்க வேண்டும். ஒருவருக்கு எளிதான மாற்றம் இன்னொருவருக்கு ஓர் இரவு வேலை என்று அன்றுதான் அறிந்தேன்.

மறு ஞாயிறு பாட்டி பாடினார். கோவிலே பாடியது. பாட்டு சாகவில்லை.

அன்பர்களே, கட்டையை மாற்றும்போது மாறுவது எது, மாறாதது எது? எல்லாச் சுரங்களும் ஒரே அளவு இறங்குகின்றன. சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு சுரத்தை நம் வசதிக்கு மாற்றினால் மெட்டு கெட்டுவிடும். எல்லாம் சேர்ந்து இறங்கினால் அதே பாட்டுதான். உண்மையும் நேர்மையும் இடைவெளிகளைப் போன்றவை. அவற்றைத் தொடக் கூடாது. நம் உயரமும் வேகமும் வசதியும் கட்டையைப் போன்றவை, அவற்றை இறக்கலாம்.

1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இறைமக்கள் அனைவரும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று கேட்கிறது. நமது ஆண்டவரும் அப்படித்தான் வந்தார். கடவுள் நிலையை இறுகப் பற்றிக்கொள்ளாமல், தம்மையே வெறுமையாக்கி நம் அளவுக்கு இறங்கினார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் கற்பிக்கிறார். மேலே நின்றுகொண்டு, "எட்டிப் பாடு" என்று அவர் நம்மிடம் சொல்லவில்லை.

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். காது மந்தமான அப்பா, மருமகளாய்ப் புதிதாய் வந்த பெண், பாடத்தில் பின்தங்கிய பிள்ளை. வீட்டுப் பேச்சு அவர்களுக்கு எட்டாத கட்டையில் போகிறதா? யாராவது புத்தகத்தை மூடிவிட்டு மௌனமாய் உட்கார்ந்திருக்கிறார்களா? இறங்குங்கள். ஆனால் நான் செய்ததுபோல் தனியாக முடிவெடுக்காமல், எல்லோரிடமும் பேசி, சேர்ந்து இறங்குங்கள். அதற்காக அதிகம் உழைக்கப் போகிறவருக்கு நன்றி சொல்லவும் மறக்காதீர்கள்.

மன்றாடுவோம்: எங்களுக்காக இறங்கி வந்த ஆண்டவரே, எங்கள் அருகில் பாட முடியாமல் நிற்பவரின் குரலைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். ஆமென்.