அனுமதி நாள்களைக் கணக்கிடுதல்: திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து



திருப்பூரில் ஓர் இடம் கைமாறும்போது விலைக்கு அடுத்ததாக எழும் கேள்வி, "அப்ரூவல் வர எத்தனை நாளாகுமுங்க?" என்பது. அவிநாசி சாலையில் தையல் ஷெட் போட நினைப்பவர் கேட்கிறார். பல்லடம் பக்கம் மனைப்பிரிவு போடுபவர் கேட்கிறார். வெளியூர்ப் பெண் தொழிலாளர்களுக்கு விடுதி கட்டும் நிறுவனமும் கேட்கிறது. பதில் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே கிடைத்துவிடும்: "மூணு மாசத்துல வாங்கிரலாமுங்க." இந்த மூன்று மாதத்தை நம்பி வங்கிக் கடன் எடுக்கிறார்கள். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்ய நாள் சொல்கிறார்கள். கூடுதல் ஆர்டருக்கு ஒப்புக்கொள்கிறார்கள். 12 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கி மூன்று கோடி ரூபாய்க்கு நிலம் எடுத்தவருக்கு ஒரு மாதத் தாமதத்தின் விலை மூன்று லட்சம் ரூபாய். மூன்று மாதம் ஒன்பது மாதமானால், ஒரு செங்கல்கூட வைக்காமலே 18 லட்சம் கூடுதலாகப் போய்விடும். இவ்வளவு பாரத்தைத் தாங்கும் ஓர் எண் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிச் சோதிப்பது என்று ஆராய ஓர் அவை கூடியிருப்பது எனக்குப் பெரும் நிறைவைத் தருகிறது.

சட்டங்களில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ரெரா எனப்படும் 2016 ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், திட்டப் பதிவு விண்ணப்பத்தின் மீது 30 நாளில் முடிவெடுக்கச் சொல்கிறது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரைபட ஒப்புதலுக்கு மூன்று மாதம் வைத்தது. 1974 ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுக்கு நான்கு மாதம் தந்தது. அதற்குள் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் சொன்னது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில், 2006 ஆம் ஆண்டு அறிவிக்கை மதிப்பீட்டுக்கு 60 நாளும் முடிவுக்கு 45 நாளும் ஒதுக்கியது. இந்த எண்களைக் கூட்டித் திட்ட அட்டவணை போடுவது நம்மிடையே பரவலான வழக்கம். ஆனால் நீர்ச் சட்டத்தின் அந்த உட்பிரிவை முழுதாகப் படிக்க வேண்டும். நான்கு மாதக் கெடு எண்ணப்படுவது, எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம் தரப்பட்ட நாளிலிருந்து. பைல் முழுமையாவதற்கு ஆகும் காலத்தை எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை.

நம் வட்டாரத்தில் காலம் கரைவது அந்த நாளுக்கு முன்னால்தான். தோட்டமாக இருந்து பாகப்பிரிவினையான நிலம் கூட்டுப் பட்டாவில் கிடக்கும். உட்பிரிவு செய்ய வேண்டும். புலப்படத்தில் உள்ள அளவும் தரையில் சர்வேயர் சங்கிலி பிடித்த அளவும் ஒத்துவராது. தலைமுறை தலைமுறையாக வண்டி போன இட்டேரி, ஆவணத்தில் பொதுப் பாதையா தனியார் நிலமா என்று தெளிவாக இருக்காது. பாதை தெளிவாகாவிட்டால் அணுகுசாலை அகலம் தெளிவாகாது, அகலம் தெளிவாகாவிட்டால் எவ்வளவு கட்டலாம் என்பதே தெளிவாகாது. பரம்பிக்குளம்–ஆழியாறு கிளை வாய்க்காலோ நொய்யலில் சேரும் ஓடையோ ஒட்டி ஓடினால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். விவசாய நிலமென்றால் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். இவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்கக்கூடியவை. உட்பிரிவுப் பட்டா வராமல் அடுத்த மேசைக்குப் போக முடியாது.

மனு உள்ளே போன பிறகும் நாள் நேராக ஓடுவதில்லை. கேள்வி போட்டுத் திருப்புகிறார்கள், பதில் கொடுக்கிறோம், மறுபடி ஒரு கேள்வி வருகிறது. இதில் அலுவலகத்தில் இருந்த நாள் எத்தனை, விண்ணப்பதாரர் கையில் இருந்த நாள் எத்தனை என்று பிரித்துப் பார்க்காதவரை, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் ஓயாது. அலுவலர்களைக் குறைசொல்வது எளிது. அரைகுறை வரைபடத்தை "முதல்ல உள்ள போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. மனைப்பிரிவில் இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பின் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகே இறுதி ஒப்புதல். முதல் ஒப்புதல் வந்த அன்றே "அப்ரூவல் ஆயிருச்சு" என்று அறிவிப்பவர்கள் இந்த மாதங்களைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

சிறு கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். ஒரு திட்டத்துக்கு ஐந்து அனுமதிகள் தேவை. ஒவ்வொன்றும் சொன்ன நாளுக்குள் வர நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. கேட்க நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், ஐந்தும் நாளுக்குள் வர நூற்றுக்கு 33 வாய்ப்புதான். நடைமுறையில் அவை சார்ந்தே இருக்கின்றன. ஒரே பட்டாப் பிழை மூன்று துறைகளில் மூன்று கேள்விகளாகத் திரும்பி வரும். ஆகவே ஒற்றை நாளைச் சொல்வது மதிப்பீடே ஆகாது. நாம் சொல்ல வேண்டியது, இவ்வகைப் பைல்களில் பாதி எத்தனை நாளில் முடிந்தன, பத்தில் எட்டு எத்தனை நாளில் முடிந்தன என்ற இரண்டு எண்களை. கடன் தவணையை இரண்டாவது எண்ணை வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

தம் வேலை முடியும் நாளைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் இதை எழுதினார்கள். 1994 இல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். எல்லாம் கெட்டுப்போனாலும் 48.6 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். இதற்கு மாற்றாகக் கானமன் சொன்ன வழியை பென்ட் ஃபிளூவ்பியர் பெருந்திட்டங்களுக்குப் பொருத்தினார்: உன் திட்டத்தின் உள்விவரங்களிலிருந்து நாளைக் கட்டி எழுப்பாதே, இதுபோல் முடிந்த திட்டங்களுக்கு உண்மையில் எத்தனை நாளாயின என்று முதலில் பார். நமக்கு இது மிகப் பொருத்தமான வழி.

இதுபோல் முடிந்தவற்றைப் பார்க்கத் திருப்பூரிலேயே இரண்டு பெரிய பாடங்கள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். தனியார் பங்கேற்போடு இந்த ஊருக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவர, புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் 1995 இல் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். தண்ணீர் வந்தது 2005 இல். அந்தப் பத்தாண்டுகளில் குழாய் பதித்துக் கட்டியது சுமார் மூன்று ஆண்டுகள். மீதி ஏழும் ஒப்பந்தங்களுக்கும் இசைவுகளுக்கும் நிதி திரட்டலுக்கும் போயின. கட்டுமானத்தைவிட அதற்கு முந்தைய காலம் இருமடங்குக்கு மேல் நீண்டது. இந்த விகிதத்தை நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நமக்கெல்லாம் இன்னும் ஆறாத சாயக்கழிவுப் பிரச்சினை. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்ட மூன்று மாதம் தந்தது. மூன்று மாதம் கடந்தது, ஓராண்டும் கடந்தது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாழான வயல்களின் சொந்தக்காரர்களுக்கு அந்த ஆணை மிகத் தாமதமாக வந்த நீதி. வேலை இழந்த பட்டறைத் தொழிலாளிக்கு அது ஒரே இரவில் விழுந்த இடி. இருவரும் நம் மக்கள். நாள் கணக்கிடுவோர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு: இசைவுத் தாள் வாங்க ஆகும் நாளை மட்டும் எண்ணி, அந்தத் தாள் கோரும் வேலையை முடிக்க ஆகும் நாளை எண்ணாமல் விட்டால், விட்ட நாள்கள் பின்னால் வட்டியோடு வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் இடமில்லாத ஒரு பட்டறைக்கு அனுமதி விரைவாகக் கிடைப்பதை நான் வெற்றியாகக் கருத மாட்டேன்.

பழைய பைல்களைப் பயன்படுத்துவதில் ஒரு கவனம் தேவை. விதி மாறினால் பழைய எண் செல்லாது. 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதம் போட்ட மதிப்பீடுகள் எல்லாம் ஒரே நாளில் பொருளிழந்தன. 2017 மே மாத வரன்முறை விதிகள் வந்த பிறகே பலருக்கு வழி தெரிந்தது. 2019 இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி வந்தது. சிறு வீடு கட்டுவோருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அந்த நாள்களையும் ஷெட், விடுதி, அடுக்குமாடிப் பைல்களின் நாள்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்கும் பயன்படாத எண்தான் கிடைக்கும்.

தரப்பட்டியல்களை நம்பி ஏமாறவும் கூடாது. உலக வங்கியின் தொழில் எளிமைப் பட்டியலில் கட்டட அனுமதிக்கான இந்தியாவின் இடம் 2015 அறிக்கையில் 184; 2020 அறிக்கையில் 27. அளக்கப்பட்டது டெல்லியிலும் மும்பையிலும் ஒரு கற்பனைக் கிடங்கு கட்டும் கதை. தரவு முறைகேடுகள் வெளிவந்து 2021 இல் அந்த அறிக்கையே நிறுத்தப்பட்டது. திருப்பூரின் ஒரு பைல்கூட அந்த எண்ணுக்குள் இல்லை.

இன்னொன்றையும் இந்த அவை விரிவாகப் பேச வேண்டும். நாம் எல்லோரும் முன் அனுமதிகளையே எண்ணுகிறோம். கட்டி முடித்த பின் வரும் நிறைவுச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, நிரந்தர மின் இணைப்பு, பெண்கள் விடுதி என்றால் 2014 சட்டப்படியான உரிமம் ஆகியவை அட்டவணையின் கடைசி வரியில் ஒரே வாரமாக எழுதப்படுகின்றன. ரெரா பதிவில் முடிக்கும் நாளை அறிவிப்பவர் கட்டுமானம் செய்பவரேதான். அந்த நாளைத் தவறவிட்டால், போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு நீட்டிப்பு உண்டு. மற்றபடி தன் தவறில்லாத காரணங்களைக் காட்டி அதிகபட்சம் ஓராண்டு பெறலாம். பின் அனுமதிகளின் நாள்கள் அந்த ஓராண்டைத் தின்னும்போது, வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பது வீடு வாங்கிய குடும்பம்.

என் வேண்டுகோள் இதுதான். அளவையர் முதலில் நிலத்துக்குப் போன நாள், மனு முதன்முதலாக உள்ளே போன நாள், ஒவ்வொரு கேள்வியும் பதிலும் வந்த நாள், ஆணை நாள், தானப் பத்திர நாள், வேலை தொடங்கிய நாள், நிறைவுச் சான்றுக்கு மனு செய்த நாளும் பெற்ற நாளும், மின்சாரம் வந்த நாள் ஆகியவற்றைப் பைல்தோறும் பதிவுசெய்யும் ஒரு பொது ஏட்டை இந்த வட்டாரத்துக்குத் தொடங்குவோம். பெயர் வேண்டாம், சர்வே எண் வேண்டாம். ஊர், பரப்பு, பயன்பாடு, எந்த விதியின் கீழ் என்பது போதும். இவற்றில் சில ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்கெனவே பதிவாகின்றன. மற்றவை உங்கள் பீரோக்களில் இருக்கின்றன. முடிந்த பைல்களை மட்டும் கொண்டுவராதீர்கள். இழுத்தடித்துக்கொண்டிருப்பதும் பாதியில் கைவிடப்பட்டதும் ஏட்டில் இல்லாவிட்டால், நாள்கள் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். முடியாத நிகழ்வுகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைக் கப்லானும் மையரும் 1958 இல் வகுத்துத் தந்தார்கள். மருத்துவத் துறை அன்றாடம் அதைப் பயன்படுத்துகிறது. புள்ளியியல் மாணவர்கள் அதை நம் பைல்களில் செய்து காட்ட வேண்டும். மாலை அமர்வில் இதற்கான படிவத்தை விவாதிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம். துறை அலுவலர்கள் அதுவரை இருந்து திருத்தங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மனைப்பிரிவுகள் பற்றிய முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.