பண்டாரியின் களஞ்சியமும் ரேஷன் கடையும்



பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கோவை, நீலகிரி எல்லைகளை ஒட்டி அட்டப்பாடி உள்ளது. இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்கள் அங்கு ஏறத்தாழ 190. ஊருக்கு ஒரு மூப்பன். அவருக்குத் துணை குறுதலை. பொதுத் தானியத்தையும் பணத்தையும் காப்பவர் பண்டாரி. எந்த நிலத்தில் எப்போது விதைப்பது என்று முடிவு செய்பவர் மண்ணுக்காரன். இவற்றை வெறும் சடங்குப் பட்டங்கள் என்று ஒதுக்குவது பிழை. நிர்வாகம், நிதி, வேளாண்மை எனும் துறைகள் அவை. அதைப் பொற்காலமென்று பாடவும் வேண்டியதில்லை. அப்பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன.

அந்த அமைப்பு நின்றது நிலத்தின்மீது. 1951இல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011இல் பாதிக்கும் குறைவு. குடியேறியவர்களின் கைக்கு நிலம் போனது. ராகியும் சாமையும் துவரையும் விளைந்த கலப்புப் பயிர்முறை சுருங்கியது. களஞ்சியம் காலியானபின் பண்டாரிக்கு என்ன வேலை? அவரிடத்தில் ரேஷன் கடை வந்தது, அரிசியோடு.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1970களிலேயே ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சித் திட்டம். 1996இல் ஜப்பான் கடனில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம். கோட்டத்தறையில் பழங்குடி சிறப்பு மருத்துவமனை. இத்தனைக்கும் பிறகுதான் 2013இல் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தன. தாய்மாரின் இரத்தசோகையும் பிறப்பு எடைக் குறைவும் பெருங்காரணங்கள். அதன்பின் ஊர்ப் பெண்களே குடும்பஸ்ரீ வழியாகச் சமூக அடுக்களைகளை நடத்தினர். 2017இல் சிறுதானிய கிராமத் திட்டம் வந்தது. பறிபோன பயிர் மானியமாகத் திரும்பியது. பறிபோன நிலம் திரும்பவில்லை.

கடல் கடந்தும் இதே கதை உண்டு. தென்கிழக்கு அமெரிக்காவிலிருந்து 1838-39இல் ஆயிரக்கணக்கானோரைச் சாவுக்குக் கொடுத்து விரட்டப்பட்ட செரோக்கி மக்கள், தாலெக்வாவைத் தலைநகராக்கித் தங்கள் அரசை மீண்டும் நிறுவினர். 1841இல் பொதுப்பள்ளிகள், 1851இல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உயர்பள்ளிகள், 1872இல் அனாதை இல்லம். அனைத்தையும் நடத்தியது அவர்களது சொந்த அரசு. அவர்களிலும் செல்வர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தனர் என்பதை மறைக்கலாகாது. ஆயினும் நிலம் பொதுவுடைமையாக இருந்தவரை அந்நிறுவனங்கள் நின்றன. 1898இன் கர்டிஸ் சட்டம் நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்க வழிவகுத்தது. செரோக்கி நீதிமன்றங்களையும் ஒழித்தது. பள்ளிகளின் மேலாண்மை வாஷிங்டனுக்குப் போனது.

கேரளத்தில் அதைச் செய்ய அந்நிய அரசு தேவைப்படவில்லை. பறிபோன நிலத்தை மீட்கும் சட்டம் 1975இல் நிறைவேறியது. விதிகள் வர 1986 ஆனது. 1996இல் அதை நீர்த்துப்போகச் செய்த திருத்தத்தைச் சட்டமன்றத்தில் எதிர்த்தவர் கே.ஆர். கௌரி அம்மா ஒருவரே. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் 1999இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது: இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவரிடமே நிலம் இருக்கும், இழந்தவருக்கு வேறிடத்தில் மாற்று நிலம்.

இடுக்கியில் முதுவர் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாயிற்று. பெரிய அடிதான். ஆனால் அதன் அலுவலகமே நெடுநாள் காட்டுக்கு வெளியே தேவிகுளத்தில் இயங்கியது.

கேரளத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே, நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் பறிபோனதை மீட்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996இன் பெசா சட்டம் இங்கு செல்லாது. அட்டப்பாடியையும் இடமலைக்குடியையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும். அட்டப்பாடியின் ஊர்க்கூட்டங்களுக்கு நிலப் பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டும்.