மீகாவின் வீட்டுக் கோயில்



அவரவருக்கு எது சரியோ அதுவே சரி என்ற பேச்சைக் கல்லூரி வகுப்பறையிலும் கேட்கிறோம், கல்யாண வீட்டிலும் கேட்கிறோம். எனக்கென்று ஒரு கடவுள் இருக்கிறார், நடுவில் வேதமும் சபையும் எதற்கு என்ற பேச்சும் அதனோடு சேர்ந்தே வருகிறது. அறத்தை அவரவர் வகுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால், ஆராதனையையும் அவரவர் வகுத்துக்கொள்வார்கள். இரண்டும் சேர்ந்து குடியிருந்த ஒரு வீட்டை நியாயாதிபதிகள் புத்தகம் 17, 18 அதிகாரங்களில் காட்டுகிறது. ஞாயிறு பிரசங்கத்தில் அதிகம் கேட்காத பகுதி. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

எப்பிராயீம் மலைநாட்டில் மீகா என்று ஒருவன். தாயின் 1,100 வெள்ளிக்காசை எடுத்துவிட்டான். களவு கொடுத்தவள் சபித்தாள். சாபம் காதில் விழுந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவளோ கண்டிக்காமல் மகனை ஆசீர்வதித்தாள். அந்த வெள்ளி முழுவதையும் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டதாகவும் சொன்னாள். ஆனால் தட்டான் கைக்குப் போனது 200 காசுதான். மீதி 900 என்ன ஆனது என்று வேதம் சொல்லவில்லை. அந்த 200 காசில் விக்கிரகம் வந்தது. மீகா வீட்டிலேயே ஒரு கோயில் அமைத்து, ஏபோத் என்ற ஆசாரிய உடையும் சுரூபங்களும் செய்து, பெற்ற மகனையே ஆசாரியனாக்கினான்.

பிறகு பெத்லகேமிலிருந்து பிழைப்புத் தேடி ஒரு லேவியன், இறைப்பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தான், வந்தான். வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, உடுக்க உடை, சாப்பாடு என்று பேசி அவனை அமர்த்திக்கொண்டான் மீகா. லேவியனே ஆசாரியனாக வாய்த்துவிட்டான், இனிக் கர்த்தர் எனக்கு நன்மை செய்வார் என்று மகிழ்ந்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மீகா நாத்திகனல்ல, பக்தியில் சோம்பேறியும் அல்ல. கர்த்தருடைய பெயரைச் சொல்லித்தான் எல்லாம் செய்தான். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் கண்டிக்கும் சுயஇஷ்டமான ஆராதனையும் இப்படித்தான் இருந்தது. தாழ்மையும் சரீர ஒடுக்கமும் ஞானமும் அதில் தெரிந்தன. வெளிப்பார்வைக்குக் குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. மீகாவின் வீட்டுக் கோயிலில் மீகாவைப் பார்த்து, நீ செய்தது களவு என்று சொல்ல யாரும் இல்லை. விக்கிரகம் பேசாது. மகன் சொல்லமாட்டான். சம்பளம் வாங்கும் லேவியனும் சொல்லமாட்டான்.

நாம் செய்துகொள்ளும் கடவுள் நம்மைக் கண்டிக்கமாட்டார். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

கதை அதோடு முடியவில்லை. குடியிருக்க நிலம் தேடிய தாண் கோத்திரத்தார் 600 பேர் ஆயுதத்தோடு அவ்வழியே வந்தார்கள். விக்கிரகத்தையும் ஏபோத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு ஆசாரியனாக இருப்பது நல்லதா, ஒரு கோத்திரத்துக்கு ஆசாரியனாக இருப்பது நல்லதா என்று கேட்டதும் லேவியன் மனம் மகிழ்ந்து அவர்களோடு கிளம்பிவிட்டான். மீகா அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு துரத்தினான். நான் செய்த தெய்வங்களைக் கொண்டுபோகிறீர்களே, இனி எனக்கு என்ன இருக்கிறது என்று அலறினான். வாயை மூடு, இல்லாவிட்டால் உயிர் போகும் என்பதே அவர்கள் பதில். அவர்கள் பலசாலிகள் என்று கண்டு அவன் திரும்பிவிட்டான்.

அவனால் வேறு என்ன சொல்ல முடியும்? அவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்தான், அவர்களும் தங்கள் பார்வைக்குச் சரியானதைச் செய்தார்கள். இருவருக்கும் மேலே ஒரு நீதி இருக்கிறது என்று அவன் ஒருபோதும் வாழ்ந்துகாட்டவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆள்பலமே தீர்ப்பு எழுதும். அடுத்து அந்த 600 பேரும் லாயீசுக்குப் போனார்கள். யாருக்கும் தீங்கு நினையாமல் அமைதியாக வாழ்ந்த ஊர் அது. காப்பாற்ற ஓடிவர அருகில் யாரும் இல்லை. ஜனங்களை வெட்டினார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், அதே இடத்தில் புதிய ஊர் கட்டி மீகாவின் விக்கிரகத்தை நிறுத்தினார்கள். லாயீஸ் மக்களுக்கு நடந்தது அநியாயம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? அறம் அவரவர் விருப்பம் என்றால் இல்லை. இந்தச் சார்புவாதம் எளியவனுக்குப் பாதுகாப்பு என்று நம்பும் நண்பர்கள் இந்த ஊரை நினைக்கவேண்டும். ஒடுக்குகிறவனுக்கு எதிராக முறையிட எளியவனுக்கு இருக்கும் ஒரே நீதிமன்றத்தைச் சார்புவாதம் மூடிவிடுகிறது.

இது பழங்கதை என்று தோன்றலாம். ஆனால் தனக்கேற்ற கடவுளைச் செய்துகொள்வது மீகாவோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், 1820 வாக்கில், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வாங்கிவைத்துக்கொண்டு, கத்தியால் வசனங்களை வெட்டியெடுத்துத் தனி நூலாக ஒட்டினார். அற்புதங்களை விட்டுவிட்டார், உயிர்த்தெழுதலையும் விட்டுவிட்டார். கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைத்துவிட்டுப் போவதோடு அவருடைய சுவிசேஷம் முடிகிறது. தன் அறிவுக்கு ஒத்ததாகப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டார். மலைப்பிரசங்கம் அதில் இருக்கிறது, நல்ல சமாரியன் உவமையும் இருக்கிறது. ஆனாலும் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் அவர். அவர்களில் மிகச் சிலரையே விடுவித்தார். கத்தி யார் கையில் இருக்கிறதோ அவரைப் புத்தகம் வெட்டுவதில்லை. உயிர்த்தெழுந்தவர் இல்லாத சுவிசேஷத்தில் நல்ல போதனை உண்டு, கணக்குக் கேட்க உயிரோடு வருகிறவர் இல்லை.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் என்றால் பண்பாட்டு வேற்றுமைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடியவர்கள் புறஜாதியார்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தவில்லை. உணவு, நாள் விஷயத்தில் ஒருவரையொருவர் குற்றப்படுத்தவேண்டாம் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இசையில் கீர்த்தனை பாடியதை யாரும் சுயஇஷ்டமான ஆராதனை என்று சொல்லமுடியாது. எந்த ராகத்தில் துதிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. எவரைத் துதிப்பது, அவர் எதைத் தீமை என்கிறார் என்பவை நம் கையில் இல்லை.

ஆனால் எங்கள் ஊர் வழக்கம் என்ற பெயரில் நம் சபைகள் செய்தது என்ன? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு நீங்கவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று விலகினார்கள். எதிர்த்தவர்களின் முன்னணியில் நின்றவர், நான் இப்போது பாராட்டிச் சொன்ன அதே சாஸ்திரியார். சொல்லும்போது வேதனையாகத்தான் இருக்கிறது. அவர் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் மறைக்கக்கூடாது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை 1872-இல் கட்டியபோது, இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பலிபீடத்தில் வந்து சேரும்படி கட்டினார்கள். நடுவில் சுவர். உயர்ந்த சாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். இரு பக்கத்தாரும் ஒரே பூசையைக் கண்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 1910 வாக்கில் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். தங்கள் பகுதியைத் தங்களுக்கே மீட்டுத் தரவேண்டும் என்று ஒரு தரப்பார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

கோயில் சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. இங்கே வந்திருக்கும் இறையியல் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களை அனுப்பும் சபையில், திருவிருந்துக்கு யார் முதலில் வருவது, யாரை எந்த மூலையில் அடக்கம் செய்வது என்ற வழக்கம் இருந்தால், அதை முதல் வருஷத்திலேயே சபைக் குழுவின் முன் வையுங்கள். ஊர் வழக்கம் ஐயா என்பார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளோடு பேராயர் அலுவலகத்துக்குப் போங்கள்.