ராஜாவின் பந்தியில் மேவிபோசேத்

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூரில் குடியிருக்கிறேன். சின்ன வயதில் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் விளங்காமல் போயின. வீடு, வேலை, ஆலயம் எல்லாமே சக்கர நாற்காலியில்தான். என்னைப் பார்த்ததும் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியைச் சொல்ல விரும்புகிறவர்கள், முடவன் எழுந்து நடந்த பகுதியைத்தான் சொல்வார்கள். அந்த அற்புதங்களை நானும் நம்புகிறேன். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் படிப்பது, கடைசி வரை நடக்காமலே இருந்த ஒருவனின் கதையை.

இரண்டாம் சாமுவேல் புத்தகத்தில் வரும் மேவிபோசேத், யோனத்தானின் மகன், சவுல் ராஜாவின் பேரன். தகப்பனும் பாட்டனும் போரில் மாண்ட செய்தி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. பதறிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் தாதி. கீழே விழுந்தான். இரண்டு காலும் முடம். இதில் யாருடைய பாவமும் இல்லை. என்னைப் பார்த்துத் தெருவில் 'போன ஜென்மத்துப் பாவம்' என்பவர்களும் உண்டு, ஜெபக்கூட்டத்தில் 'விசுவாசம் பத்தலை' என்பவர்களும் உண்டு. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்ததை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் படிக்கலாம்.

நண்பன் யோனத்தானை நினைத்து, தாவீது ராஜா லோதேபார் என்ற ஊரிலிருந்து மேவிபோசேத்தை வரவழைத்தார். பாட்டனின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார், தன் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வைத்தார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். எனக்கோ இதற்குப் பின்னால் வருவதுதான் முக்கியம்.

மகன் அப்சலோம் கலகம் செய்ததால் தாவீது எருசலேமை விட்டு ஓடியபோது, மேவிபோசேத்தும் கூடப் போக நினைத்தான். கழுதைக்குச் சேணம் கட்ட வேலைக்காரன் சீபாவின் உதவி வேண்டும். சீபா அவனை விட்டுவிட்டுத் தனியே போய், 'அவர் ராஜ்யம் தனக்கு வரும் என்று எருசலேமிலேயே உட்கார்ந்துவிட்டார்' என்று பொய் சொன்னான். ராஜா நம்பினார். அந்த நிமிடமே நிலமெல்லாம் சீபாவுக்கு என்று தீர்ப்பானது. மேவிபோசேத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராஜா திரும்பி வந்த பிறகுதான் அவன் தன் பக்கத்தைச் சொன்னான். அப்போதும் பாதி நிலம் சீபாவுக்குத்தான்.

இந்த இடத்தில் எனக்கு மனம் வலிக்கும். பந்தியில் இடம் கொடுத்த அதே தாவீது, அவனைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். வங்கியிலும் மருத்துவமனையிலும் எங்களுக்கு நடப்பது இதுதான். நான் எதிரே இருப்பேன். 'இவர் கையெழுத்துப் போடுவாரா?', 'இவருக்கு என்ன செய்யுது?' என்று என் நாற்காலியைத் தள்ளி வந்தவரிடம் கேட்பார்கள். தள்ளி வருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும், என் பதிலை நான்தானே சொல்ல வேண்டும்?

இதற்கு மாறாக நம் வேலூரில் நடந்ததையும் சொல்கிறேன். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இளம் வயது. 'பாவம், இனி என்ன செய்வாள்' என்று விட்டிருக்கலாம். ஆனால் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அதே கல்லூரியின் டாக்டர் பால் பிராண்ட் வழி காட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார் மேரி வர்கீஸ். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய கால்களுக்குக் கடைசி வரை உணர்வு திரும்பவில்லை.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற இடத்துக்கு மூன்று படி ஏற வேண்டும். என் முறை வந்தபோது ஆயர் நேராக என்னிடமே கேட்டார்: 'மைக்கைக் கீழே கொண்டு வரட்டுமா, இல்லை நீங்க மேலே வரணுமா?' மேலே வர வேண்டும் என்றேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் சாய்தளத்தில் பயமில்லாமல் ஏறலாம். படிகளின் மொத்த உயரம் ஒன்றரை அடி, ஆக பதினெட்டு அடி வேண்டும். நேராகப் போட இடமில்லை, சுவரோரமாக வளைத்துத்தான் கட்ட வேண்டும். மூட்டுவலிக்காரப் பாட்டிமார் தங்களுக்கும் கைப்பிடி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.