வில்லைக் கீழே போட்டவன்

மன நிம்மதி பத்திப் பேசணும்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. தவணை பாக்கி பத்தின்னா நல்லாப் பேசுவேன்.

2023-இல் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டோம். எங்கள் ஊர் கடைமடை. தண்ணீர் பத்தாமல் பயிர் காய்ந்தது. நடவு செய்ததே குழுக் கடனில்தான். மூன்று வாரம் நான் கூட்டத்துக்கு வரலை. நோட்டைக் கையில எடுத்துக்கிட்டு வாசப்படி வரைக்கும் வருவேன். "உனக்கும் சேர்த்து நாங்க கட்டணுமா"ன்னு யாராவது கேட்டுட்டா? திரும்பிடுவேன்.

அந்த நாளில் எங்கள் ஊர்க் கோயிலில் கீதை சொன்னார்கள். பதினெட்டு அத்தியாயத்தில் முதலாவதுக்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம்னா சோகம். சோகத்தையும் யோகம்னு சொல்லியிருக்காங்க பாருங்க! சொந்தக்காரங்களோடயே சண்டையான்னு அர்ஜுனன் வில்லைப் போட்டுட்டு உட்கார்ந்துடறான். உடம்பு நடுங்குது, வாய் உலருது. கண்ணன் அந்த அத்தியாயத்தில் பேசுவது ஒரே ஒரு வார்த்தைதான். மற்றபடி கேட்டுக்கொண்டு இருக்கிறான். கண்டிப்பு, உபதேசம் எல்லாம் இரண்டாவதில்தான். மனம் அடங்காதவனுக்குச் சுகம் கிடையாது என்பதும் அங்கேதான் வருகிறது. நம்ம திருவையாற்றுத் தியாகராஜரும் சாமா ராகக் கீர்த்தனை ஒன்றில் அதையே பாடினார்.

அவர் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். பணம் சுகம் தராதுன்னும் பாடினார். அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சிதைந்து கிடந்த அவர் சமாதிக்குக் கோயில் எழுப்பியது பெங்களூர் நாகரத்தினம்மாள், தான் பாடிச் சம்பாதித்த பணத்தில். குடமுழுக்கு 1926-இல். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அந்த அம்மா பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். எவ்வளவு அழுதிருப்பாரோ, தெரியாது.

நாலாவது வாரம் நான் கூட்டத்துக்குப் போனேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. யாரும் புத்தி சொல்லலை. ஊக்குநர் அக்கா பேனாவை மூடி வெச்சுட்டாங்க. அழுது முடிச்சப்புறம்தான் தீர்மான நோட்டைப் பிரிச்சாங்க. என் பாக்கியை ஆறு தவணையாகப் பிரித்து எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்துல இருந்த அத்தை, "காலையில ஏதாச்சும் சாப்பிட்டியாடி?"ன்னு கேட்டாங்க. நான் சாப்பிடலை.